ஆபரேஷன் முடிந்தது, கால் ஏன் வீங்குகிறது?

வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது முழங்கால் வலியால் நடக்கச் சிரமப்பட்டார். 2000-ம் ஆண்டு அக்டோபரில், மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அவருக்கு இடது மூட்டை மாற்றினார்கள். 2001 ஜூனில் வலது மூட்டு. ஆபரேஷன் செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத்.

1890-ல் பெர்லின் நகரில் குளுக் என்ற டாக்டர், யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. இப்போது உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் வைக்கிறார்கள்.

பிரதமருக்கு நடந்த ஆபரேஷன், இன்று தாமிரபரணிக் கரையில் நாற்று நட்டுத் தேய்ந்த கால்களுக்கும் நடக்கிறது. கவலையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்!

பயம் வேண்டாம்

எலும்பின் முனையைச் சீவித்தான் புது மூட்டு வைக்கிறார்கள். உள்ளே இரத்தமும் நீரும் கசியும், கால் வீங்கும். முதல் இரண்டு வாரம் அதிகம். பிறகு மெல்ல வடியும். முழுதும் வடிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம். அதிகம் நடந்த நாளில், சாயங்காலம் வீக்கம் கூடும். அதைப் பார்த்து, "ஆபரேஷன் கெட்டுப்போச்சே" என்று அழ வேண்டியதில்லை.

தலையணை எங்கே?

படுத்துக்கொண்டு, காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் வைப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு மடங்கியே பழகிவிடும். பிறகு நீட்ட வராது.

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வெறும் ஐஸ் தோலைப் புண்ணாக்கும். பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி ஆட்ட வேண்டும்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது வீரம் அல்ல. வலித்தால் பயிற்சி செய்ய முடியாது. செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும். டாக்டர் சொன்ன மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். கடையில் தானாக வாங்கிய மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

"ஏளா, எண்ணெய் போட்டு நீவி விடு!" என்பாள் ஆச்சி. கூடாது! உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது அது நகர்ந்துவிடும். புண் ஆறும்வரை குறுக்குத்துறைக் குளியலும் வேண்டாம்.

உடனே ஓடுங்கள்

கெண்டைக்காலில் கடும் வலியா? காய்ச்சலா? புண்ணில் சீழா? அன்றே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ, இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல், நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும்.