பழகிவிட்டதா, கேட்கவில்லையா?

குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் முதன்முறை நுழைகிறவர், இரண்டு நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார். தறி ஓட்டுகிறவர் சிரிப்பார். "மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும், போகப்போகப் பழகிப்போயிருமுங்க."

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று மூளையில் நடப்பது. அதனால் கெடுதல் இல்லை. மற்றது காதுக்குள் நடப்பது, அது காயம்.

மூளை செய்யும் வேலை

திரும்பத் திரும்ப வந்தும் ஆபத்து எதையும் கொண்டுவராத தூண்டலை நரம்புகள் கண்டுகொள்ளாமல் விடும். ஏப்ளீசியா என்ற கடல் நத்தையை வைத்து இதை ஆராய்ந்தவர் எரிக் காண்டல். அதன் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது தளர்ந்துவிடும். உணரும் நரம்பு கெட்டுப்போகவில்லை. அடுத்த நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவைக் குறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நினைவும் கற்றலும் நரம்பில் எப்படிப் பதிகின்றன என்ற ஆய்வுகளுக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டு ஃப்ரிட்ஜின் இரைச்சல் காதில் விழாமல் போவதும் இப்படித்தான். கரண்ட் போனபிறகுதான் அது இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்ததே தெரியும்.

காதுக்குள் நடப்பது

தறிச் சத்தம் ஃப்ரிட்ஜ் சத்தம் அல்ல. நாடா ஒரு பக்கம் அடிபட்டுப் பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், அதுவும் ஒரே கூரைக்குக் கீழ் பல தறிகளில். இந்தக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.

உள்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரிழை செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பறவைகளுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தாற்போல் இருக்கும், உள்ளே 'கொய்ங்' என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். 2009-இல் அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு மணி நேரப் பேரிரைச்சலுக்குப் பின் எலிகளின் கேட்கும் திறன் சில நாட்களில் பழைய அளவுக்குத் திரும்பியது. ஆனால் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதியளவு வரை போய்விட்டிருந்தது. தேறிவிட்டது என்று நாம் நினைப்பதை நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே, உயர் அதிர்வெண் ஒலிகளில்தான் தொடங்குகிறது. அதனால் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. "பேசறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல" என்பார்கள். பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் முதலில் நழுவும். வீட்டில் டிவி சத்தம் ஏறும், சண்டையும் வரும்.

இது புதுச் செய்தியும் அல்ல. 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார், பாய்லர் செய்யும் நூறு தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது இயல்பாக இல்லை.

தூக்கத்திலும்

உடல் முழுதாகப் பழகிவிடுவதில்லை என்பது தூக்கத்திலும் தெரியும். சாலையோர வீட்டுக்காரர்கள் லாரிச் சத்தத்தில் விழிப்பது நாளடைவில் குறையும். ஆனால் தூங்கும்போதும் ஹாரன் ஒலிக்கு இதயத் துடிப்பு எகிறுவது அந்த அளவுக்குக் குறைவதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எந்தத் தெருவில் அது இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தியத் தொழிற்சாலை விதிகளின் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்பது 85. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரைச்சலை அளக்க மீட்டர் வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடத்தில் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

பஞ்சு போதாது

பலரும் தறிக் கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய பயனில்லை. நுரை அடைப்பானைச் சுத்தமான விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை. பேசுவதற்காக அடிக்கடி கழற்றினால் கிடைத்த பலனில் பெரும்பகுதி போய்விடும். கழற்றாமல் கை ஜாடையில் பேசுவது தறிக்காரர்களுக்குப் புதிதல்ல.

சோதனைக்குப் போகும்போது

ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோமெட்ரி என்ற செவித்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தில், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு தொழில்சார் நோயாக இடம்பெற்றிருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் சோதனைத் தாள்கள் இருந்தால் இழப்பீடு கேட்பது எளிது. ஷிஃப்ட் முடிந்த கையோடு சோதனைக்குப் போகாதீர்கள். அப்போதைய தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். வார விடுமுறை முடிந்து, தறிக்குப் போகும்முன், காலையிலேயே போய்விடுங்கள்.