பெட்ரோல் விலை மாறும் இடம்: கருக்களாச்சேரி எப்படி புதுச்சேரிக்குள் போனது?

நாகூரிலிருந்து வடக்கே பைக்கில் கிளம்பினால் சில நிமிடங்களில் வாஞ்சூர் வந்துவிடும். ரோடு அதேதான், பேச்சும் அதேதான். ஆனால் பெட்ரோல் விலை மாறும், வண்டி நம்பர் 'பிஒய் 02' ஆகிவிடும். மீனவர் கிராமமான கருக்களாச்சேரி இருப்பது இந்தக் காரைக்கால் மாவட்டத்தில்தான். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல். நடுவில் இந்த எல்லை எப்படி வந்தது?

விலைக்கு வந்த ஊர்

1738-ல் தஞ்சை மராட்டிய அரியணைக்குச் சண்டை. பணம் தேவைப்பட்ட சாகுஜி, புதுச்சேரி கவர்னர் டூமாவிடம் காரைக்காலைத் தருவதாகப் பேசினார். காரியம் முடிந்ததும் இழுத்தடித்தார். சந்தா சாகிப் படையோடு வந்து ஊரைப் பிடித்து பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தார். 1739 பிப்ரவரியில் காரைக்கால் அவர்கள் கைக்குப் போனது. கூடவே ஒரு கோட்டையும் ஐந்து கிராமங்களும். ஆவணங்களில் அந்தக் கோட்டையின் பெயர் 'கரக்கலாச்சேரி'. இன்றைய கருக்களாச்சேரியை அப்படியே நினைவூட்டும் பெயர். பின்னால் வந்த பிரதாப் சிங் காலத்தில் மேலும் பல கிராமங்கள் சேர்ந்தன.

கோட்டை எங்கே?

1760-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் ஊர் பலமுறை கைமாறியது. 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தாலும், கையில் வந்தது 1817-ல்தான். அதிலும் ஒரு கண்டிஷன்: இனி கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு காரைக்கால் படைத்தளமாக இல்லை, துறைமுகமாகவே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் டெல்டா கூலித் தொழிலாளர்கள் ரீயூனியன், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய இடங்களில் இதுவும் ஒன்று.

யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர்?

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது மக்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் இந்தியர்கள். ஒரே தெருவில் இரண்டு நாட்டுக் குடிமக்கள் உருவானது இப்படித்தான். காரைக்காலில் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஏன் முக்கியம்?

கோடு பழசு, விளைவு புதுசு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரை முழுக்க ஒன்றுதான். ஆனால் தடைக்கால நிவாரணத்தை நாகை மீனவருக்குச் சென்னையும், கருக்களாச்சேரி மீனவருக்குப் புதுச்சேரியும் முடிவு செய்கின்றன. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி காரைக்கால் வயல்களுக்கானது. அந்தத் தண்ணீரும் தமிழ்நாட்டு ஆறுகளைத் தாண்டித்தான் கடைமடைக்கு வர வேண்டும்.

அவசரத்தில் பணம் தேடிய ஓர் அரசர் பேசிய பேரம் அது. 280 வருஷம் கழித்தும் யாருடைய மனு எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.