தண்ணீருக்கு ஒரு வாசம்

பழம், இலை, வேர் ஊறிய நீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். அளவும் நேரமும் தெரிந்தால் போதும்!

கோடை வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கலர் பாட்டிலைத் தேடுகிறது. வீட்டுப் பெரியவரோ மாத்திரை போடும்போது மட்டும்தான் தண்ணீர் டம்ளரைத் தொடுகிறார். அலுவலகம் போகிறவரின் பாட்டில் காலையில் நிரப்பியபடியே மாலையில் திரும்பி வருகிறது. தாகம் எல்லோருக்கும் இருக்கிறது. வெறும் தண்ணீரில்தான் மனம் செல்வதில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு ஜாடித் தண்ணீரில் நான்கு வில்லை எலுமிச்சை, கொஞ்சம் வெள்ளரி, பத்துப் புதினா இலை. இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை இல்லை, சாயம் இல்லை. ஆனாலும் இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றும்.

நட்சத்திர ஓட்டல்களிலும் ஜிம்களிலும் 'இன்ஃப்யூஸ்டு வாட்டர்' என்று கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். பாதிரிப் பூவை இட்ட புதுப் பானை, தன்னில் ஊற்றிய தண்ணீருக்கும் அந்த மணத்தைத் தரும் என்பதை நாலடியார் உவமையாகவே எடுத்தாள்கிறது. படிக்காதவரும் படித்தவரோடு பழகினால் அறிவு பெறுவார் என்று சொல்ல வந்த இடத்தில்தான் அந்தப் பானை வருகிறது. துளசி, ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம் சேர்ந்த பெருமாள் கோயில் தீர்த்தம், பானையில் கிடக்கும் வெட்டிவேர், சீரகத் தண்ணீர், கேரள வீடுகளின் செந்நிறப் பதிமுகத் தண்ணீர் எல்லாமே இதே கைப்பழக்கத்தின் பல வடிவங்கள்.

வாசம் எப்படி ஏறுகிறது?

பழத்திலும் இலையிலும் இருக்கும் மணப்பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெய்த் தன்மை கொண்டவை. தண்ணீரில் அவை மிகக் குறைவாகவே கரையும். ஆனால், நம் மூக்குக்கு அந்தத் துளியே போதும். எலுமிச்சைத் தோலை நகத்தால் லேசாகக் கீறினாலே சமையலறை முழுக்க மணக்கிறதல்லவா? தோலில் உள்ள நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும் எண்ணெய் அது. வில்லையாக நறுக்கும்போது அந்தப் பைகள் உடைந்து, வாசம் தண்ணீருக்குள் இறங்குகிறது. புளிப்பும் இனிப்பும் தண்ணீரில் சுலபமாகக் கரைபவை. அவையும் கொஞ்சம் கூடவே வரும்.

வெள்ளரி இன்னும் சுவாரசியமானது. முழு வெள்ளரிக்காயை முகர்ந்தால் பெரிதாக வாசம் இருக்காது. கத்தி பட்டதும்தான் அதன் திசுக்களில் உள்ள நொதிகள் கொழுப்பு அமிலங்களை உடைத்து, அந்தப் பச்சை வாசத்தை உண்டாக்குகின்றன. அதனால், முன்கூட்டியே நறுக்கி வைக்காமல், ஜாடிக்குப் பக்கத்திலேயே நறுக்கி உடனே போடுவது நல்லது.

மருந்தாக நினைக்காதீர்கள்

'டீடாக்ஸ் வாட்டர்' என்ற பெயரில் இதற்குப் பெரிய மகுடம் சூட்டப்பட்டிருக்கிறது. வயிற்றைச் சுத்தப்படுத்தும், கொழுப்பைக் கரைக்கும், நச்சை வெளியேற்றும் என்றெல்லாம் சொல்கிறார்கள். ரத்தத்திலிருந்து கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலையை வெள்ளரி வில்லை எடுத்துக்கொள்வதில்லை. பழத்தின் நார்ச்சத்து ஜாடியிலேயே தங்கிவிடுகிறது. வைட்டமின் சி போன்ற சத்துகள் சிறிதளவு தண்ணீரில் கரைந்தாலும், பழத்தைச் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது. பழத்தைத் தின்னுங்கள், வாசத்தைக் குடியுங்கள்.

அப்படியானால் இதன் பலன் என்ன? இது எதற்குப் பதிலாக வருகிறது என்பதில்தான் பலன். கோலா வகைக் குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் 25 கிராமைத் தாண்டிவிடும். 5 டீஸ்பூனுக்கும் மேல். ஒருநாள் உணவில் கூடுதலாகச் சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவுறுத்தியது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவிகிதம் என்பது 25 கிராம்தான். ஒரே ஒரு பாட்டில் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. அந்தப் பாட்டில் இருக்கும் இடத்தில் புதினா மணக்கும் தண்ணீர் வந்து உட்கார்ந்தால், அதுவே பெரிய ஆரோக்கியம்.

பழம், இலை, வேர்... ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம்

பழங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் பொருத்தம். மெல்லிய வில்லைகளாக நறுக்கினால் சாரம் சீக்கிரம் இறங்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி மூன்றிலும் ஒரே எச்சரிக்கை: தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியும் விதையும் கசக்கும். எலுமிச்சையை வில்லையாகப் போட்டால் விதையை எடுத்துவிட்டு, 4 மணி நேரத்துக்குள் வில்லைகளையும் எடுத்துவிட வேண்டும். ஆரஞ்சு, சாத்துக்குடியைத் தோலும் வெள்ளையும் நீக்கிப் போட்டால் கசப்பு பற்றிய கவலையே வேண்டாம். அன்னாசித் துண்டுகள் அருமையாக ஊறும். நெல்லிக்காயைச் சீவிப் போட்டால் முதலில் லேசான துவர்ப்பு, குடித்த பிறகு நாக்கில் தித்திப்பு. மாதுளை முத்துகளைக் கரண்டியால் லேசாக நசுக்கினால்தான் ருசி இறங்கும். முழு முத்து அழகுக்கு மட்டுமே. வாழைப்பழம், சப்போட்டா, கனிந்த பப்பாளி மூன்றும் வேண்டாம். கரைந்து, தண்ணீரைக் கலக்கிவிடும்.

இலைகளுக்கு மென்மையான கை தேவை. புதினாவையோ துளசியையோ உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒருமுறை தட்டிப் போட்டால் போதும். கசக்கினால் இலைச் சாறு இறங்கி, பச்சை நெடி அடிக்கும். 2 மணி நேரத்தில் வாசம் வந்துவிடும். மறுநாள்வரை விட்டால் இலை கறுத்துவிடும்.

வேர், பட்டை, விதை ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெந்நீர் வேண்டும். இஞ்சி, சீரகம், ஏலக்காய், பட்டை போன்றவை குளிர்ந்த நீரில் சுலபத்தில் இளகுவதில்லை. தட்டிப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவைத்து, ஆறியதும் வடிகட்டிக் குளிர வைக்கலாம். மூடி முக்கியம். மூடாவிட்டால் ஆவியோடு வாசமும் போய்விடும்.

முதல் ஜாடி

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது எலுமிச்சை, வெள்ளரி, புதினா கூட்டணி. 1 லிட்டர் குடிநீருக்குப் பாதி எலுமிச்சை, பாதி வெள்ளரி, 10 புதினா இலை. எலுமிச்சையைக் கழுவித் துடைத்து, காகித கனத்துக்கு வில்லை போட்டு, கத்தி முனையால் விதைகளைத் தட்டி எடுங்கள். வெள்ளரியின் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காய் வேண்டாம்; ஒரு ஜாடியையே கெடுத்துவிடும். எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு, தண்ணீரை ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அரை மணி நேரத்தில் மூக்குக்கு மட்டும் தெரியும். ஒரு மணி நேரத்தில் வெள்ளரி முந்திக்கொண்டு நிற்கும். இரண்டு மணி நேரத்தில் மூன்றும் ஒன்றாகி, புளிப்பு அடியில் தங்கி, புதினா கடைசியில் தொண்டையில் தெரியும். அதுதான் பதம். அங்கேயே வடிகட்டிவிடுங்கள். மறுநாள்வரை வில்லைகளை விட்டுவைத்தால் முதல் மடக்கிலேயே கசப்பு சொல்லிவிடும்.

இந்தப் பதம் கைவந்துவிட்டால் மற்றவை சுலபம். அன்னாசியும் இஞ்சியும், ஆரஞ்சும் ஏலக்காயும், ஆப்பிளும் பட்டையும், நெல்லிக்காயும் துளசியும், பன்னீர் ரோஜா இதழும் சாத்துக்குடியும் என்று உங்கள் கையே ஜோடி சேர்த்துக்கொள்ளும். ரோஜா இதழ் மட்டும் வீட்டில் மருந்து அடிக்காமல் வளர்த்த செடியிலிருந்து வரட்டும். மாலைக்கு விற்கும் பூ குடிக்க ஏற்றதல்ல. ஒரு ஜாடிக்கு மூன்று பொருள்களுக்கு மேல் போடாதீர்கள். நான்காவது வந்தால் எதன் வாசம் எது என்றே தெரியாமல் போய்விடும்.

நம் மண்ணின் வேர்கள்

பழங்களின் விலை ஏறி இறங்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர்களோ ஒருமுறை வாங்கினால் பல நாள் வரும்.

கடலூர் மாவட்டத்தின் கடலோர மணல் நிலங்களில் விளைகிற வெட்டிவேர், பானைத் தண்ணீருக்கென்றே பிறந்தது. ஒரு கைப்பிடி வேரை மண் போகும்வரை நான்கைந்து தண்ணீரில் அலசி, நூலால் கட்டி, கொதித்து ஆறிய நீர் நிரம்பிய மண் பானையில் போட்டால், மறுநாள் காலையில் மழை பெய்த தோட்டத்தின் வாசம் டம்ளரில் இருக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை வேரை எடுத்து, நன்றாக வெயிலில் உலர்த்தி மறுபடி போடலாம். வாசம் தீர்ந்ததும் மாற்றிவிடுங்கள். தட்டி, மாலை செய்ய விற்கும் வேரை வாங்காமல், குடிக்கத் தகுந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

நன்னாரி என்றதும் சர்பத்தும் சர்க்கரைப் பாகும்தான் நினைவுக்கு வரும். பாகு இல்லாமலே அது இனிக்கிற மாதிரி மணக்கும். அதன் மணப்பொருளும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. விரல் நீள வேர்கள் நான்கைந்தை அலசி, அம்மிக்குழவியால் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் எடுத்து 1 லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். இரவு முழுக்க ஊறி ஆறினால், காலையில் இளம் பழுப்பு நிறத்தில் தண்ணீர் தயார். குளிர வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் சர்க்கரை எங்கே என்று கேட்பதில்லை.

பதிமுகம் கண்ணுக்கும் விருந்து. 2 லிட்டர் கொதிக்கும் நீரில் அதன் மரச் சீவல் ஒரு சிட்டிகை விழுந்தாலே செந்நிறம் படரும். அந்தத் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், சிவப்பு கலைந்து மஞ்சளுக்கு மாறும். அமிலம் பட்டால் நிறம் மாறும் இயற்கைச் சாயம் அது. பிள்ளைகளை அருகில் நிறுத்தி அவர்கள் கையாலேயே சொட்டு விடச் சொல்லுங்கள். நிறம் மாறியதைப் பார்த்த பிள்ளை அந்த டம்ளரை மிச்சம் வைக்காது.

சுத்தத்தில் சமரசம் வேண்டாம்

பழமும் இலையும் ஊறும் நீரில் சூடு இல்லை, உப்பு இல்லை, சர்க்கரைப் பாகு இல்லை. கிருமியைத் தடுக்கும் எந்தக் காவலும் இல்லை என்று அர்த்தம். அதனால் சில விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

தண்ணீர் முதலில் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். தோலோடு போடுகிற பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். 1 லிட்டர் நீரில் 2 டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து, ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேல்தோலில் இருந்த இரண்டு வகைப் பூச்சிமருந்துகள் நீங்கியதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2017-ல் காட்டியது. தோலுக்குள் ஊடுருவிய மருந்து இதில் போகாது. அந்தச் சந்தேகம் இருந்தால் தோலைச் சீவிவிடுவதே வழி.

வெட்டிய பழம் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறி ஓடும் கூடத்தில்கூட வெப்பம் அதைத் தாண்டிவிடும். ஆகவே, பழ ஜாடிக்கு ஃப்ரிட்ஜ்தான் இடம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் கொதிநீரில் ஊறிய சீரகமும் நன்னாரியும் போதும். அன்றன்றைக்குப் போட்டு அன்றே தீர்த்துவிடலாம். எதுவானாலும் வடிகட்டிய நீரை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். பழைய வில்லைகளின் மேலேயே மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவது வேண்டாம்.

கண்ணாடியும் எவர்சில்வரும் நல்ல பாத்திரங்கள். செம்பு, பித்தளை, அலுமினியத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லிக்காய் போடவே கூடாது. புளிப்பு அந்த உலோகத்தைக் கரைத்து நீரில் இறக்கும். பாட்டில் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். வழுவழுப்பு முதலில் படிவது அங்கேதான்.

யாரெல்லாம் கவனிக்க வேண்டும்?

புளிப்புத் தண்ணீரை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தால் அது பல் எனாமலை அரிக்கும். உணவோடு சேர்த்துக் குடியுங்கள். பிறகு வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். சிறுநீரக, இதயப் பிரச்னைகளுக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இதையும் அந்த அளவுக்குள்தான் கணக்கிட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும்; அது அழுத்தத்தை ஏற்றும். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்களில் உள்ள சில பொருள்கள், குறிப்பிட்ட சில ரத்த அழுத்த, கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். அந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் வேர், மூலிகை வகைகளை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து குடிக்க வேண்டாம்.

இவ்வளவு கவனமும் முதல் இரண்டு நாள்தான் பாரமாகத் தெரியும். பிறகு அது இட்லி மாவு கரைப்பதைப் போல இரவு வேலைகளில் ஒன்றாகிவிடும். செலவும் பெரிதாக இல்லை. பாதி எலுமிச்சையும் ஒரு ரூபாய்க்கு வாங்கிய சீரகமும் ஒரு வீட்டின் குளிர்பானப் பழக்கத்தை மாற்றுமா என்று கேட்டால், மாற்றும். பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது அவன் கண் மட்டத்தில், கைக்கு எட்டும் தட்டில் அந்த ஜாடி இருக்க வேண்டும். கலர் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. 'தண்ணி குடி' என்று பத்து முறை சொல்வதைவிட, குடிக்கத் தோன்றும் தண்ணீரை அருகில் வைப்பது மேல். இந்த வாரமே ஒரு ஜாடி போடுங்கள்.