சுதேசிக் கப்பற் கம்பனி: விளம்பரமும் மூலதனமும்

1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனி, பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகளை விற்று 10 இலட்சம் ரூபா திரட்ட முனைந்தது. தேசாபிமானமே அதன் விளம்பரம். ஆனால் தலைவர் பாண்டித்துரைத் தேவர் சமீந்தார். பெரும் பங்குகளை வாங்கியோர் வணிகர். கொழும்பு வழியில் ஏகபோகம் செலுத்திய பிரித்தானியக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. நட்டத்தைத் தாங்கும் மூலதனம் அதனிடமே இருந்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ. உ. சி., மார்ச்சிற் கைதானார். 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. தேசிய உணர்வு பங்குகளை விற்றுத்தந்தது. ஏகாதிபத்திய மூலதனத்தோடும் அரச அதிகாரத்தோடும் நீடித்துப் பொருதும் வலுவை அது மட்டும் தந்துவிடவில்லை. அவ்வலு தொழிலாளரிடம் அரும்பியிருந்தது.