கே.ஓ. வேற, டி.கே.ஓ. வேற

இந்த எபிசோடுக்குக் காரணம் இருக்கன்குடியிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி. ஆபீஸ் குரூப்பில் எல்லாம் இங்கிலீஷ்தான். ஒருத்தர் இந்த வாரம் வேலை தன்னை 'கே.ஓ.' பண்ணிடுச்சுன்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் கையை விட்டுப் போன ஒரு ப்ராஜெக்டைப் பற்றி 'டி.கே.ஓ.'வில் தோத்துட்டோம்னு எழுதியிருக்கார். "ரெண்டும் ஒண்ணுதானேண்ணே, ஒரு எழுத்துதானே கூட?" என்று கேட்கிறார் தம்பி.

அந்த ஒரு எழுத்துலதான் விஷயமே இருக்கு.

கே.ஓ. என்றால் நாக்-அவுட். குத்து வாங்கி விழுந்தவர், ரெஃப்ரி பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்று ஆட்டத்தைத் தொடர முடியவில்லை என்றால் கே.ஓ. 1974-ல் கின்ஷாசாவில் முகமது அலி எட்டாவது ரவுண்டில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியது இந்தக் கணக்கு. நம்ம ஊர் கிரிக்கெட் நோட்டீஸில் பார்க்கும் 'நாக்-அவுட் முறையில் நடைபெறும்' என்பது வேற. அங்கே தோற்ற டீம் பெட்டி கட்டணும், அவ்வளவுதான். யாரும் மயங்கி விழ வேண்டியதில்லை.

டி.கே.ஓ. என்றால் டெக்னிக்கல் நாக்-அவுட். இங்கே ஆள் நின்றுகொண்டே இருக்கலாம். "நான் ஆடுவேன்" என்று சொல்லிக்கொண்டே கூட இருக்கலாம். ஆனால் 'இதுக்கு மேல இவரால தன்னைக் காப்பாத்திக்க முடியாது' என்று வேற ஒருத்தர் முடிவு பண்ணி நிறுத்திவிடுகிறார். அந்த வேற ஒருத்தர் ரெஃப்ரியாக இருக்கலாம், ரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டராக இருக்கலாம், இல்லை அவருடைய சொந்த மூலையில் நிற்கும் பயிற்சியாளரே கூட. அமெச்சூர் பாக்ஸிங்கில் இதையே ஆர்.எஸ்.சி. என்று போடுவார்கள். 'ரெஃப்ரி ஸ்டாப்ஸ் கான்டெஸ்ட்'. எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையா படுது. யார் நிறுத்தினார் என்று பட்டவர்த்தனமா சொல்லுது பாருங்க.

பயிற்சியாளர் நிறுத்துவதற்கு ஒரு பழைய அடையாளம், ரிங்குக்குள் டவலை வீசுவது. இது நமக்கு உடனே புரியாததுக்குக் காரணம் இருக்கு. ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூர்ல இருக்கன்குடி பஸ் வந்து நின்னா, ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு உள்ளே விழும். துண்டு போட்டாச்சுன்னா சீட்டு நம்மளுது. அங்கே அப்படியே தலைகீழ். துண்டு விழுந்தால் இடத்தை விட்டுக்கொடுத்தாச்சு என்று அர்த்தம். இங்கிலீஷில் யாராவது டவலை வீசிட்டேன்னு சொன்னால், 'போதும், என்னால முடியலை, விட்டுடறேன்' என்கிறார். சீட்டு பிடிச்சிட்டார்னு நினைச்சு வாழ்த்து சொல்லிடாதீங்க.

இப்போ பேச்சு வழக்குக்கு வருவோம். கே.ஓ. ரொம்பக் காலமாகவே ரிங்கை விட்டு வெளியே வந்துவிட்ட சொல். காய்ச்சல் மாத்திரை என்னை கே.ஓ. பண்ணிடுச்சு என்றால் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்னு பொருள். சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருக்கும் நம்ம ஆட்கள் கிட்ட கேட்டுப் பாருங்க, 'கே.ஓ. ஆயிட்டான்' என்றால் படுத்துட்டான், அவ்வளவுதான். எழுதும்போது கே, ஓ, ஒரு மேற்கோள் குறி, டி என்று போடுவார்கள், அது இறந்தகாலம். சிலர் ஒலியை வைத்தே 'கேயோ' என்று முழுச் சொல்லாக எழுதுவதும் உண்டு. ஃபுட்பால் அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் கே.ஓ. என்று இருந்தால் அது கிக்-ஆஃப். நியூயார்க் பங்குச்சந்தையில் கே.ஓ. என்றால் கோகோ கோலா. இடம் பார்த்துத்தான் பொருள் எடுக்கணும்.

டி.கே.ஓ.வில்தான் சிக்கல். 'டெக்னிக்கல்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு 'ஏதோ ரூல்ஸ் ஓட்டை, நிஜமா தோக்கலை' என்று தோணும். இங்கிலீஷ் பேசுகிறவர்களிலும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். இன்னும் சிலர் அதை கே.ஓ.வை விடப் பெரிய அடி என்று நினைத்து எழுதுகிறார்கள். ரெண்டும் சரியில்லை. ரிங்கில் டி.கே.ஓ. முழுத் தோல்விதான். ஒரு பாக்ஸர் 'இத்தனை நாக்-அவுட்' என்று கணக்கு சொல்லும்போது அதில் டி.கே.ஓ.வும் சேர்ந்தேதான் வரும். விஜேந்தர் சிங் 2015-ல் மான்செஸ்டரில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது டி.கே.ஓ. வெற்றியோடு. வரிசையா 12 ஆட்டம் ஜெயிச்சுட்டு, 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பல் மேல்தளத்தில் ரஷ்யாவின் அர்த்திஷ் லோப்சானிடம் முதல் தடவையா தோற்றதும் டி.கே.ஓ.வில்தான்.

'டெக்னிக்கல்' என்றால் லேசான அடி என்று நினைக்கவே கூடாது. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு ஆடிய கொரியாவின் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்தார், எப்படியோ எழுந்தும் நின்றார், ரெஃப்ரி நிறுத்தினார். சில நாட்களில் மூளைக் காயத்தால் இறந்துபோனார். பதிவேட்டில் அந்த ஆட்டத்தின் முடிவு டி.கே.ஓ. 15 ரவுண்டு வைத்த சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் 12 ஆகக் குறைந்ததற்கு அந்த மரணம் ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருக்கலாமோ என்று இன்றும் கேட்கிறார்கள்.

முன்னாடியே நிறுத்தியதுக்கும் ஒரு உதாரணம் உண்டு. அது நம்ம சென்னையைத் தொட்டுப் போகிற கதை. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். 'சார்பட்டா பரம்பரை' படம் 2021-ல் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு வடசென்னை பாக்ஸிங் தெரியும், ஆனால் அந்த ஊர் அலியை நேரிலேயே பார்த்திருக்கு. அதே வருஷம் அக்டோபர் 2. அலிக்கு 38 வயசு. எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். ரவுண்டுக்கு ரவுண்டு அடி வாங்குகிறார் அலி, விழவில்லை, ஆனால் திருப்பி அடிக்கவும் முடியவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்றார். அதே மூலையிலிருந்த இன்னொருவர் இன்னும் ஒரு ரவுண்டு கேட்டார். டண்டீ விடவில்லை. 61 ஆட்டம் ஆடிய அலி பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்றது அந்த ஒரே தடவை.

டெடி பெண்டர்கிராஸ் பாடிய 'லவ் டி.கே.ஓ.' பாட்டு வந்ததும் அதே 1980-ல்தான். காதல் செத்துப்போச்சு என்பதல்ல அந்தத் தலைப்பு. ஆள் நின்னுட்டுத்தான் இருக்கான், ஆனா போதும்னு ஆகிடுச்சு. டபிள்யூ.டபிள்யூ.ஈ.யும் யு.எஃப்.சி.யும் 2023-ல் சேர்ந்த கம்பெனிக்கும் டி.கே.ஓ. என்றுதான் பெயர். அங்கே அர்த்தம் தேட வேண்டாம், சண்டை வியாபாரத்துக்கு ஏத்த பெயர்.

தம்பிக்கு வர்றேன். வேலைப்பளுவில் அசந்து தூங்கிட்டீங்கன்னா கே.ஓ. போடுங்க. உங்க டீம் இன்னும் பண்ணத் தயாராத்தான் இருந்தது, மேலதிகாரியோ கிளையன்டோ 'வேண்டாம், நிறுத்திடுங்க' என்று சொல்லிட்டார்னா டி.கே.ஓ. போடுங்க. உங்க ஆபீஸில் அந்த ரெண்டாவது மெசேஜைப் போட்டவர் எந்த அர்த்தத்தில் போட்டார்னு தெரியணும்னா, "யாரு சார் நிறுத்தினது?" என்று கேளுங்க. நிறுத்தினவர் பெயர் வந்தால் அவர் சரியாத்தான் எழுதியிருக்கார்.