கண்ணுக்குத் தெரியாத நெரிசல்

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. வயலுக்கு அப்பால், ஏறத்தாழ 600 மீற்றர் தூரத்திலுள்ள மாமா வீட்டில் இருந்தது. உயர்தரம் படிக்கும் எனக்காக நானா இரண்டு வெளிப்புற வைபை அன்டெனாக்கள் வாங்கி, ஒன்றை அங்கும் மற்றதை எங்கள் கூரையிலும் பொருத்தினார். பகலில் எல்லாம் நன்றாக இருந்தது. மஃரிபுக்குப் பின் ஸூம் வகுப்பு தொடங்கினால் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வரும்.

"சிக்னல் காணாது போல" என்று நானா எங்கள் அன்டெனாவின் வலுவை உச்சத்துக்குக் கூட்டினார். குரல் திருந்தவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுத் தோழி வந்து, "ராத்திரி எங்கட வைபை வேல செய்யல்ல. மொடல் பேப்பர் வகுப்பு முழுக்கத் தவறிட்டு" என்றாள். அவளும் இவ்வருடம் பரீட்சை எழுதுபவள். எனக்கு முகம் வாடிப்போனது.

காரணத்தைத் தேடினேன். சாதாரண வைபை 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. அதில் 1 முதல் 13 வரை அலைவரிசைகள் உள்ளன. அடுத்தடுத்த அலைவரிசைகளுக்கு இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. ஒரு கருவிக்கோ ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் தேவை. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றோடொன்று மோதாதவை. கைபேசிச் செயலியில் பார்த்தபோது அயல் ரவுட்டர்கள் பல 1இலும் 6இலும் இருந்தன. நாங்கள் நடுவே 4இல் இருந்தோம்! எல்லோரும் இணையத்தைத் திறக்கும் இரவில் மட்டும் குரல் அறுந்ததன் காரணம் விளங்கியது.

வலுவைக் கூட்டியது ஏன் பயன்தரவில்லை? ஆசிரியரின் குரல் மாமா வீட்டிலிருந்து எங்களிடம் வருகிறது. நானா கூட்டியதோ எங்கள் பக்க வலுவை. இரைச்சலான வகுப்பில் நாம் கத்தினால் பிறர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்குமா? பக்கத்திலிருப்பவரின் காதுதான் அடைபடும். தோழிக்கு நடந்ததும் அதுவே.

கடைக்காரரிடம் பேசி 5 கிகாஹேர்ட்ஸ் அன்டெனாச் சோடியாக மாற்றினோம். அப்பட்டையில் அலைவரிசைகள் அதிகம், நெரிசல் குறைவு. அதன் ஒரு பகுதியை ராடார்களும் பயன்படுத்துவதால், கருவியில் நாட்டின் பெயரை இலங்கை என்றே தெரிவுசெய்ய வேண்டும். ராடாரைக் கண்டால் விலகிச்செல்லும் வசதியை நிறுத்தவும் கூடாது.

கூரையில் அன்டெனா பொருத்த நினைக்கும் பெற்றோர் இவற்றையும் கவனிக்கலாம்:

1. பொருத்துமுன் இரவு நேரத்தில் அயலிலுள்ள அலைவரிசைகளைப் பாருங்கள்.

2. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நடுவழியில் அகன்று செல்லும். 600 மீற்றர் தூரத்துக்கு 5 கிகாஹேர்ட்ஸில் அந்த அகலத்தின் ஆரை நடுவில் ஏறத்தாழ 3 மீற்றர். தென்னோலை அதற்குள் வந்தால், முக்கியமாக மழையில் நனைந்தால், சிக்னல் குறையும்.

3. எல்லாப் பக்கமும் பரப்பும் அன்டெனாவை விட, ஒரு திசைக்குக் குவிக்கும் அன்டெனாவே இவ்வேலைக்கு ஏற்றது. ஒரு முனைவாக்கம் மட்டுமுள்ள அன்டெனாவாயின், இரு முனைகளிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று நிலைக்குத்தாகவும் மற்றது கிடையாகவும் இருந்தால் சிக்னலின் பெரும்பகுதி வீணாகும்.

4. வெளியே செல்வது வெயில் மழை தாங்கும், உலோகக் கவசமுள்ள வயராக இருக்கட்டும். கவசத்தையும் கம்பத்தையும் முறையாகப் புவித்தொடுப்புச் செய்வது இடையூறைக் குறைக்கும், இடிமின்னல் ஆபத்தையும் தணிக்கும். இதை மின்வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

5. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற கருவியையே வாங்குங்கள். இணைப்புச் சரியானதும் வலுவைத் தேவையான அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

இப்போது வலுவைப் பாதியாக்கியும் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. தோழியின் வகுப்பும் தடைப்படுவதில்லை. அன்று தவறிய வினாத்தாளை இருவரும் சேர்ந்திருந்து செய்து முடித்தோம். மதிலுக்கு இந்தப் பக்கம் நாம் வைக்கும் கருவி, மதிலுக்கு அந்தப் பக்கமும் பேசும். அயலவரின் உரிமை காற்றிலும் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.