சொல்லும் கட்டளையும்

அச்சிட்ட நூலில் உள்ள சொற்கள் படித்தற்கு மட்டுமே உரியவை. இணையப் பக்கத்தின் இயல்போ வேறு. படித்தற்குரிய சொற்களும், உலாவி நிறைவேற்றுதற்குரிய கட்டளைகளும் அதில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. கோணக்குறி, மேற்கோட்குறி முதலிய சில குறிகளைக் கொண்டே உலாவி அவற்றைப் பிரித்தறியும். ஒருவர் எழுதித் தரும் சொற்களோடு அக்குறிகளும் தடையின்றிப் பக்கத்தினுள் புகுமாயின், அயலார் இட்ட கட்டளையையும் தளத்தாரின் கட்டளை என்றே நம்பி உலாவி செய்துவிடும். இக்குறைபாட்டைக் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்பர். தளம் விட்டுத் தளம் தாவுதல் என்னும் கருத்துடைய இப்பெயர் எல்லா இடத்தும் பொருந்துவதன்று. எனினும் வழக்கில் நிலைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலேயே அமெரிக்காவின் செர்ட் நிலையம் இதுபற்றி எச்சரித்தது.

எச்சரித்தும் யாது பயன்? 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மைஸ்பேஸ் என்னும் சமூகத் தளம் புகழுற்று விளங்கியது. உறுப்பினர் தத்தம் பக்கத்தை வண்ணங்களால் அழகுசெய்யத் தளத்தார் இடமளித்திருந்தனர். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்னும் கட்டளைமொழியின் பெயர் வந்தால் அதனை வடிகட்டி நீக்கினர். சாமி கம்கார் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் இவ்வடிகட்டியை ஆராய்ந்தார். அழகுசெய்யும் குறியினுள்ளே 'ஜாவா' என்றெழுதி, வரியை முறித்து, அடுத்த வரியில் 'ஸ்கிரிப்ட்' என்றெழுதினார். வடிகட்டிக்கு அவை இரு துண்டுகளாய்த் தோன்றின. உலாவிகள் சிலவோ முறிவைப் பொருட்படுத்தாது ஒரே சொல்லாகக் கொண்டன. பிழைபட எழுதிய பக்கத்தையும் பொருள்கொண்டு காட்டுவது உலாவியின் பெருந்தன்மை. அப்பெருந்தன்மையே ஈண்டுக் கேடாய் முடிந்தது.

அக்டோபர் 4-ஆம் நாள் கம்கார் தம் பக்கத்தில் அக்கட்டளையை இட்டார். அப்பக்கத்தைக் கண்டவர் எவராயினும், அவர் அறியாமலே அவரது உலாவி கம்காரை நண்பராக்க வேண்டுகோள் விடுத்தது. அத்துடன் நில்லாது, அதே கட்டளையை அவர் பக்கத்திலும் எழுதி வைத்தது. அதனைக் கண்ட பிறர்க்கும் அவ்வாறே நேர்ந்தது. இருபது மணி நேரத்திற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வலையில் அகப்பட்டனர். தளத்தையே நிறுத்தி வைத்துப் பழுது நீக்க வேண்டியதாயிற்று. எவர் பொருளும் களவு போகவில்லை. ஆயினும் தீயோர் கையில் இவ்வழி சிக்கியிருப்பின் பிறர் பெயரால் எதனையும் செய்திருக்கலாம். 2007-ஆம் ஆண்டில் நீதிமன்றம் கம்காரை மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து, 90 நாள் சமூகப்பணியும் விதித்தது.

இத்தகைய புரைகளைத் தேடுவோர் முதலில் தீங்கற்ற புதுச்சொல் ஒன்றை எழுதுகட்டத்தில் இடுவர். அதனோடு கோணக்குறியையும் மேற்கோட்குறியையும் சேர்ப்பர். பின்னர்ப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, அச்சொல் எங்கெங்குத் தோன்றுகிறது என நோக்குவர். குறிகள் வெறும் எழுத்தாகக் காட்டத்தக்க மாற்றுருவை அடைந்திருப்பின் அவ்விடத்தில் அச்சமில்லை. இட்டவாறே நிற்பின் அங்கே புரை உண்டு. சொல் வாக்கியத்தின் நடுவே விழுகிறதா, குறியினுள் விழுகிறதா, கட்டளையின் நடுவிலேயே விழுகிறதா என்பதும் நோக்கத்தக்கது. ஓரிடத்திற்கு ஏற்ற காப்பு மற்றோரிடத்தில் உதவாது. தீய சொற்களைப் பட்டியலிட்டு விலக்கும் முறை மைஸ்பேஸில் தோற்றதைக் கண்டோம். ஏற்கத்தக்கவற்றை மட்டும் வரையறுத்து, ஏனையவற்றையெல்லாம் விலக்குதலே வலிய முறை.

இச்சோதனையைத் தம் சொந்தத் தளத்திலோ, உரியவர் இசைவளித்த தளத்திலோ செய்தலே முறை. கூகுள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு முதல், தன் தளங்களில் புரை கண்டு தனக்கு அறிவிப்போர்க்குப் பரிசுத்தொகை வழங்கி வருகிறது.